காற்றுப் புகுந்த குடுவை

என் நைட்ரஜன் கேனுக்கு ஒரு காடாத்துணி உறை உண்டு. மழையில் நனைந்தால் உறை முழுக்கக் கறுத்துப்போகும். கேனின் கழுத்துக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் நனையாது. அங்கே விழுகிற துளி, சேம்பு இலையில் நிற்பதுபோல உருண்டு நிற்கும். வண்டி ஒரு குழியில் ஏறி இறங்கினால் அப்படியே உதிர்ந்துவிடும். வன்னியம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் மாட்டுக்குச் சினை ஊசி போடுவது என் தொழில். உறைவிந்துக் குச்சிகள் கெடாமல் இருக்க இந்தக் கேனில் திரவ நைட்ரஜன் நிரப்பி, பைக்கில் கட்டிக்கொண்டு போவேன். தொழுவத்தில் நிற்கிறவர்கள் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னய்யா, மெழுகு தேச்சிருக்கியா?" என்பார்கள். "மெழுகுமில்ல, கிழுகுமில்ல. எங்க மதினி செஞ்ச சரக்கு அது" என்பேன். சிரிப்பார்கள். நம்பாதவனிடம் இரண்டாம் தடவை விளக்குகிற பொறுமை எனக்குக் கிடையாது. போய்யா, உன் மாட்டைப் பிடி என்று சொல்லிவிடுவேன். மதினி அப்படியில்லை. நம்பாதவனை உட்காரவைத்து, அவன் கண் முன்னாலேயே செய்துகாட்டுவார். என் கோபத்தைவிட அது பெரிய அடி என்று நான் தெரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆயிற்று.

மதினி ராஜபாளையத்துப் பெண். அவருடைய அப்பா பேண்டேஜ் துணி நெய்கிற தறி வைத்திருந்தார். என் அண்ணன் ராணுவத்தில். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வரும்போதே மதினி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தார். அண்ணன் லீவு முடிந்து எல்லைக்குப் போய்விட்டால், மதினி காலையில் பஸ் ஏறி லேபுக்குப் போவார். பொழுது சாயத் திரும்புவார். ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? "பட்டாளத்தான் பொண்டாட்டி அங்க என்னத்தத்தான் காச்சுதா?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கேட்டதில் பாதி உண்மை. மதினி காய்ச்சிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் காய்ச்சினது கெட்டுப்போய்க்கொண்டிருந்தது.

என்ன காய்ச்சினார் என்பதை எனக்கு அவர் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். ஒரு நீளமான சங்கிலி. கண்ணுக்குத் தெரியாத சங்கிலி. அதன் ஒரு பாதி தண்ணீரோடு ஒட்டும். மறு பாதியில் ஃப்ளோரின் இருக்கும்; அது தண்ணீரையும் கிட்டச் சேர்க்காது, எண்ணெயையும் கிட்டச் சேர்க்காது. ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு குணத்தை ஒரே சங்கிலியில் கோத்துவிட்டால், அதைத் துணியில் பூசும்போது இடத்துக்குத் தக்க முகத்தைக் காட்டும். காற்றில் காய்ந்தால் ஃப்ளோரின் பாதி மேலே வரும். ஈரத்தில் ஊறினால் மற்றது வரும். புண்ணில் கட்டின துணியைப் பிரிக்கும்போது தோலோடு பிய்ந்து வருகிற வேதனையைத் தறிக்காரர் மகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒட்டாத கட்டுத் துணிக்கு இது ஒரு வழியாகுமா என்பதுதான் அவர் கேள்வி. "நாளைக்கே புண்ணுல போட்டுற முடியாது தம்பி. இது மண்ணுல மக்குமா, உடம்புக்கு ஆகுமான்னு இன்னும் எம்புட்டோ பாக்கணும். அதுக்குத்தான் ஃப்ளோரின் வால எம்புட்டுக் குட்டையா வைக்க முடியுமோ அம்புட்டுக் குட்டையா வச்சிருக்கேன்" என்பார். அவருக்கு ஒரு பழக்கம். மனசு கனமாக இருந்தால் நான் தம்பி. குஷியாக இருந்தால் கொழுந்தனார். அந்த நாட்களில் நான் தம்பியாகவே இருந்தேன்.

கெட்டுப்போனதற்குக் காரணம் காற்று. குடுவைக்குள் துளி ஆக்சிஜன் இருந்தாலும் சங்கிலி வளராது. வேறு வாயுவைக் குமிழ்விட்டு ஆக்சிஜனைத் துரத்தலாம் என்றால், ஃப்ளோரின் சரக்கும் அதோடு சேர்ந்து ஆவியாகப் போய்விடுகிறது. ஒரே வழி, குடுவையைத் திரவ நைட்ரஜனில் கல்லாக உறையவைத்து, மேலே இருக்கிற காற்றைப் பம்ப்பால் உறிஞ்சி, மூடி, மறுபடி உருகவிட வேண்டும். குமிழி வருவது நிற்கிறவரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். கல்லூரியில் திரவ நைட்ரஜன் கிடையாது. மதுரையிலிருந்து வரவழைத்தால் வந்து சேருவதற்குள் பாதி ஆவியாகிவிடும். மதினி இதையெல்லாம் வீட்டில் சொன்னதில்லை. ஒருநாள் எங்கள் தொழுவத்தில் சிவப்பிப் பசுவுக்கு ஊசி போடக் கேனைத் திறந்தேன். வெள்ளைப் புகை தரையில் வழிந்தது. வைக்கோல் அள்ள வந்த மதினி அப்படியே நின்றுவிட்டார். "ஏங் கொழுந்தனாரே, இது மாட்டுக்கு மட்டுந்தானா?" என்றார். நாடெல்லாம் தேடின பொருள் வீட்டுத் தொழுவத்தில் கிடந்திருக்கிறது! இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சிவப்பி மிரண்டு காலை உதைத்தது.

அன்றிலிருந்து, பால் சொசைட்டிக்கு நைட்ரஜன் வண்டி வருகிற நாளில் எனக்கென்று வாங்குவதோடு கூடக் கொஞ்சம் வாங்கி மதினி லேபில் ஊற்றிவிட்டு வருவேன். தெர்மாகோல் பெட்டியில் ஊற்றுவேன். மதினி குடுவையை அதில் இறக்குவார். ரோஸ் நிறக் கரைசல் நிமிஷத்தில் உறைந்து வெளுக்கும். உருகும்போது உள்ளிருந்து குமிழிகள் ஏறும். "போகுது பாருங்க, எமன்" என்பார். நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு, ஆனாலும் கேட்பேன். மற்றவர்கள் செய்கிற முறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர் சொன்ன பதில் தொழுவத்திலிருந்தே வந்தது. கன்றுகளை மொத்தமாக அவிழ்த்துவிட்டால் முட்டி மோதி, ஒன்று வயிறு முட்டக் குடிக்கும், ஒன்று பட்டினி கிடக்கும். பழைய முறை அது. சங்கிலிகள் தாறுமாறாக வளர்ந்து, ஒன்றோடொன்று மோதிச் செத்துப்போகும். இந்த முறையில், கரைசலுக்கு நிறம் தருகிற அந்த ரோஸ் சரக்கு ஒவ்வொரு சங்கிலியின் நுனியிலும் கயிறு மாதிரி இருக்கும். கொஞ்சம் அவிழ்க்கும், கொஞ்சம் கட்டும், அடுத்ததை அவிழ்க்கும். எல்லாம் சமமாக வளரும். "கட்டிப்போட்ட கன்னு செத்தா போச்சு? பொறவு அவுத்துவிட்டாத் திரும்பக் குடிக்கும்லா. அதனாலதான் முதப் பாதிய வளத்து நிறுத்தி, கழுவிக் காயவச்சு, அது நுனியிலருந்தே ரெண்டாவது பாதிய வளக்க முடியுது." இதற்குமேல் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சரக்கு வந்தது. ரோஸ் நிறத்தில், பஞ்சு போல. அளந்து பார்க்க வெளியூருக்கு அனுப்பினார். சங்கிலிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம் என்று வரைபடம் வந்தது. அந்தப் படம்தான் வினையாயிற்று. மதினியின் ஆராய்ச்சியைப் பார்வையிடுகிற குழுவுக்குத் தலைவர், பெரிய நகரத்திலிருந்து வருகிற ஒரு பேராசிரியர். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டதாம். எங்கள் ஆய்வகத்திலேயே இவ்வளவு சுத்தமாக வருவதில்லை, நைட்ரஜன் வசதிகூட இல்லாத இடத்தில் எப்படி வரும், எங்கிருந்து வாங்கினீர்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். பிறகு போனில் அவரே ஒரு வழியும் சொன்னார். இது தன் ஆய்வகத்தில் செய்யப்பட்டது என்று எழுதிவிடலாம். தன் மாணவர்கள் பெயரும் சேர்ந்துகொள்ளட்டும். அப்போது யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பட்டமும் தாமதமில்லாமல் வந்துவிடும். மதினியின் பதிவுக்காலம் முடிய அதிக நாள் இல்லை. அது முடிந்துவிட்டால் இத்தனை வருஷ உழைப்பும் வெறும் சாம்பல்தான்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த பேச்சு எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. என் அய்யா விவசாயி. யாரோடும் வம்புக்குப் போகாத மனிதர். "பெரிய மனுசர் ஒரு வழி சொல்லுதாரு. ஒத்துக்கிட்டுப் போயிரு தாயி. பட்டந்தான வேணும்" என்றார். மதினி அய்யாவுக்குச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, எதிரே உட்கார்ந்தார். "மாமா, நம்ம மாட்டுல நாம கறந்த பால, அடுத்த வீட்டுத் தொழுவத்துல கறந்ததுன்னு சொன்னாத்தான் சொசைட்டியில எடுப்பேம்னு ஒருத்தர் சொன்னா, ஊத்திட்டு வருவீகளா?" என்றார். அய்யா பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை. "அவன் கெடக்கான், நம்ம பால நாமளே குடிச்சிருவோம்" என்றார். அம்புட்டுதான். இரவு அண்ணன் போனில் வந்தபோது அய்யாவே வாங்கி, "ஏலே, ஒம் பொண்டாட்டி எதுக்கும் ஒத்துக்க மாட்டா, நானும் ஒத்துக்கிட மாட்டேன்" என்று சத்தம் போட்டார். என்ன ஏது என்று தெரியாமலே அண்ணனும் சரி என்றான்.

மதினி குழுவுக்கு எழுதிய கடிதத்தில் இருந்தது ஒரே வேண்டுகோள்தான்: வந்து உட்காருங்கள், உங்கள் முன்னால் செய்கிறேன். வந்தார்கள், மூன்று பேர். நான் கேன் நிறைய நைட்ரஜனோடு காலையிலேயே போய்விட்டேன். வாசலில் பேராசிரியர் என் கேனைப் பார்த்து, "இதுதான் உங்கள் நைட்ரஜன் வசதியா? மாட்டு வாடை வருகிறதே" என்றார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வாயைத் திறந்திருப்பேன், மதினி என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். "ஆமா சார். நைட்ரஜனுக்கு மாடுன்னும் தெரியாது, காலேஜுன்னும் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் அவர். முதல் பாதிச் சரக்கை எடைபோட்டு, ஃப்ளோரின் சரக்கோடு கரைத்து, குடுவையில் ஊற்றி, உறையவைத்து, உறிஞ்சி, உருக்கினார். குமிழி நிற்கிறவரை செய்தார். பிறகு மூடியை இறுக்கிச் சூடான எண்ணெய்த் தொட்டியில் குடுவையை இறக்கினார். "இனி யாரும் மூடியத் தொடக்கூடாது. காத்து உள்ள போனா நின்னுரும்" என்று மூன்று பேரிடமும் சொன்னார். தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை.

மத்தியானம். மதினி பக்கத்து அறைக்கு ஐஸ் எடுக்கப் போயிருந்தார். பேராசிரியர் எழுந்து எண்ணெய்த் தொட்டி அருகே போனார். குனிந்து பார்த்தார். ஏன் இது ரோஸாக இருக்கிறது, கெட்டியாகவே இல்லையே என்று முணுமுணுத்தார். நான் எட்டுவதற்குள், சாவகாசமாக மூடியை எடுத்து, ஒரு கண்ணாடிக் கம்பியை உள்ளே விட்டு, தூக்கி, நூல் வருகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். பாகு பதம் பார்ப்பார்களே, அப்படி. அவர் காலத்து முறையில் அப்படித்தான் பார்ப்பார்களாம்; கை பழகின பழக்கம், வேண்டுமென்று செய்யவில்லை என்று மதினி இன்றுவரை சொல்கிறார். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. "அய்யோ சார், தொறக்காதீங்கன்னு சொன்னாங்கல்லா!" என்று நான் கத்தின கத்தலில் மதினி ஓடிவந்தார். கம்பி பேராசிரியர் கையில், மூடி மேசைமேல். அவர் முகம் ஒரு கணம் வெளிறியது. உடனே சமாளித்துக்கொண்டு, "அடடா. சரி, இது போயிற்று. அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அடுத்த கூட்டம் வரும்போது மதினியின் பதிவே இருக்காது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

மதினி அழுவார் என்று நினைத்தேன். எனக்கே அழுகை வந்தது. அவர் துணியைச் சுற்றிக் குடுவையைத் தூக்கி, ஐஸில் வைத்து ஆற்றினார். ஊசிக்குழலால் கொஞ்சம் உறிஞ்சி ஒரு சின்னக் குப்பியில் விட்டு, மூடி, பேராசிரியர் கையிலேயே கொடுத்தார். கொடுத்த வேகத்தில் ஊசிக்குழலில் மிச்சமிருந்தது சிந்தியது. கீழே நின்ற என் கேன் உறையில் விழுந்தது. "சார், இது நீங்க நிறுத்தின எடம். பத்திரமா வச்சுக்கிடுங்க" என்றார். "இதில் இனி என்ன இருக்கிறது அம்மா, சங்கிலியெல்லாம் செத்திருக்கும்" என்றார் அவர். அப்போது மதினி நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. "சாகல சார். பழைய முறையில செத்திருக்கும். இதுல ஒண்ணு ரெண்டு செத்திருக்கலாம். மத்தது எல்லாம் கட்டித்தான் கெடக்கு. அவுத்துவிட்டா வளரும். வளரலன்னா நான் சொன்னது அம்புட்டும் பொய்னு எழுதிட்டுப் போங்க. ஆனா நீங்க இப்பப் போகக்கூடாது, உக்காருங்க." அந்த 'உக்காருங்க' என்ற சொல்லுக்கு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, கேனு" என்றார்.

குளிர்ந்த கரைசலில் வினையைத் தூண்டுகிற மருந்தை ஒரு சிட்டிகை புதிதாகப் போட்டார். மறுபடி உறையவைத்து, உறிஞ்சி, உருக்கினார். கேனில் நைட்ரஜன் குறைந்துகொண்டே வந்தது. அது தீர்ந்தால் உள்ளே இருக்கிற குச்சிகள் அத்தனையும் கெட்டுப்போகும். போனால் போகட்டும் என்று சாய்த்தேன். குடுவை மறுபடி எண்ணெயில் இறங்கியது. சன்னலுக்கு வெளியே மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் குடுவையை ஆற்றி, கரைசலைக் குளிர்ந்த ஹெக்ஸேன் திரவத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார் மதினி. பாலில் எலுமிச்சை பிழிந்ததுபோலத் திரிந்து, ரோஸ் நிறத்தில் இறங்கிப் படிந்தது. அதிலும் கொஞ்சத்தை இன்னொரு குப்பியில் போட்டு, "இது முடிஞ்ச எடம். ரெண்டையும் நீங்களே, உங்களுக்கு நம்பிக்கையான எடத்துல அளந்து பாருங்க" என்றார்.

அளந்தார்கள். நிறுத்தின இடத்தில் இருந்த சங்கிலிகள் ஏறக்குறைய எல்லாமே முடிவில் நீண்டிருந்தன. பழைய நீளத்திலேயே தங்கிவிட்டவை சொற்பம் என்று படம் வந்தது. காற்றுப் புகாமல் ஒழுங்காக நடந்து முடிந்திருந்தால்கூட இவ்வளவு பலமான சாட்சி கிடைத்திருக்காது. அவர் திறந்ததால்தான், நிறுத்தினாலும் சாகாது என்பது ஊரறிய நிரூபணமாயிற்று. பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். கட்டுரையில் செய்த இடம் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றே அச்சாகியது. அய்யா அதை வாங்கி, ஊர்ப் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். மதினி இப்போது அதே கல்லூரியில் பேராசிரியர். லேபில் ஆளுயரத்துக்கு நைட்ரஜன் கலன் நிற்கிறது. என் கேனுக்கு அங்கே வேலை இல்லாமல் போய் நாளாயிற்று.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மதினி போன் பண்ணினார். "கொழுந்தனாரே, நாளைக்கு நம்ம கேனோட லேபுக்கு வாங்க. அவிய வாராக" என்றார். அவிய என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. குரலிலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்கு மூடியைத் திறந்த பேராசிரியர்தான். ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய பழைய ஆய்வகத்தில் இந்தச் சரக்கைச் செய்துபார்த்து வரவில்லையாம். முறையை நேரில் பார்த்துப்போக, அங்கே வேலை செய்கிற இருவரோடு அவரே வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்து, சௌக்கியமா என்று கேட்டார். தூறலில் வந்ததால் கேன் உறை நனைந்து கறுத்திருந்தது. அந்த உள்ளங்கை அகலம் மட்டும் காய்ந்து கிடக்க, மேலே துளிகள் உருண்டு நின்றன. அவர் அதை விரலால் தொட்டார். துளி ஓடியது. அன்றைக்கு ஊசிக்குழலிலிருந்து சிந்தின இடம்தான் அது.

மதினி எல்லாவற்றையும் ஒளிக்காமல் செய்துகாட்டினார். குடுவை எண்ணெயில் வெந்துகொண்டிருந்தது. வந்திருந்த இருவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் மதினி, "சார், இங்க வாங்க. மூடியத் தொறங்க" என்றார். அவர் கை நீளவில்லை. கூட வந்தவர்களில் ஒருவர் பதறி, "மேடம், காற்று!" என்றார். மதினி அவரைப் பார்க்கவேயில்லை. "அன்னைக்குக் கேக்காமத் தொறந்தீங்க. இன்னைக்கு நானே சொல்லுதேன். தொறங்க சார்."

அவர் திறந்தார். காற்று உள்ளே போயிற்று. மதினி குடுவையைத் தூக்கி ஐஸில் வைத்துவிட்டு, ஆளுயரக் கலன் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கொழுந்தனாரே, கேனு" என்றார். நான் மூடியைத் தூக்கிச் சாய்த்தேன்.